எதிர்த்தட்டில் இருந்தது யார்?

பேலியகொடை மத்திய மீன் சந்தையில் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் பேரத்தில், யாரும் மறுத்துப் பேச முடியாத சாட்சி தராசு ஒன்றுதான். மீனை எவ்வளவு பெரிதென்று கூவி விற்றாலும் தராசு காட்டுவதற்கு மேல் ஒரு கிலோவும் கூடாது. குத்துச்சண்டையும் தராசில் தொடங்குகிற விளையாட்டுத்தான். எடை பார்த்த பிறகே வீரர்கள் மேடை ஏறுகிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை இறாத்தல் என்று மேலெல்லை வகுத்திருக்கிறார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அந்த எல்லை இல்லாத ஒரே பிரிவு ஹெவிவெயிட் எனப்படும் அதிபாரப் பிரிவு. இன்றைய விதிப்படி 200 இறாத்தலை, அதாவது ஏறத்தாழ 91 கிலோவைத் தாண்டிய எவரும் எவரோடும் மோதலாம். மற்றப் பிரிவுகளின் சம்பியன் தன் எடைக்காரர்களுக்குள் முதல்வர். அதிபாரச் சம்பியனுக்கோ மேலே வேறு பிரிவே கிடையாது. உலகின் பலசாலி யார் என்ற பழைய கேள்விக்கு விடை அந்த மேடையில் கிடைக்கும் என்று மக்கள் நம்புவது அதனால்தான். அந்த விடையைப் பற்றி ஒரு நூற்றாண்டாகச் சண்டை பிடிப்பதும் அதனால்தான்.

நம் தீவு ஓர் அதிபாரச் சம்பியனைத் தந்ததில்லை. குத்துச்சண்டையில் நமக்குக் கிடைத்த பெருமை மெலிந்த உடல்களால் வந்தது. 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கப் பதக்கத்தை வென்று கொடுத்த பார்னி ஹென்ரிகஸ், இறகு எடை எனப்படும் பெதர்வெயிட் பிரிவைச் சேர்ந்தவர். பாக்கு நீரிணைக்கு அப்பால் வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்தது. ஆனாலும் அங்கிருந்தும் உலக அதிபாரச் சம்பியன் எவரும் வரவில்லை. தமிழ் மண்ணுக்கு அதிபாரச் சண்டை மிக அருகில் வந்தது 1980 ஜனவரியில். முகம்மது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எலிஸுடன் ஒரு காட்சிப் போட்டியில் இறங்கினார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அங்கே இருந்தார். அதே மாதம் 27ஆம் திகதி புதுடில்லியில் இந்திய இராணுவ வீரர் கௌர் சிங்குடன் அலி நான்கு சுற்றுகள் ஆடினார். அப்போது அலிக்கு வயது 38. கூட்டம் பார்க்க வந்தது அவருடைய புகழை. அந்த இரண்டு போட்டிகளும் அவருடைய வெற்றிக் கணக்கில் சேரவில்லை. புகழ் வேறு, கணக்கு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. நவீன காலத்தின் மிகச்சிறந்த அதிபார வீரர் யார் என்று கேட்கும்போது நாம் பார்க்க வேண்டியது கணக்கை.

எந்தக் கணக்கு என்பதில்தான் தகராறு. சிலர் தோல்வியே காணாதவரைத் தேடுகிறார்கள். சிலர் பட்டத்தை நீண்ட காலம் காத்தவரையும், சிலர் அச்சமூட்டியவரையும், சிலர் உருவத்தில் பெரியவரையும் முன்னிறுத்துகிறார்கள். என் வாதம் பழைய இரட்டைத் தட்டுத் தராசிலிருந்து வருகிறது. ஒரு தட்டில் பொருள் இருந்தால் மறுதட்டில் படிக்கல் இருக்க வேண்டும். படிக்கல் தேய்ந்ததாக இருந்தால் நிறையும் பொய்யாகிவிடும். குத்துச்சண்டை வீரனுக்குப் படிக்கல் அவனுடைய எதிராளிகள். அவர்கள் யார், அன்றிரவு அவர்களுக்கு என்ன வயது, அதற்கு முன்னும் பின்னும் வேறு மேடைகளில் என்ன செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் ஒரு வெற்றியின் உண்மையான எடை தெரியும். நவீன காலம் எங்கே தொடங்குகிறது என்பதையும் இதே தராசு சொல்லும். 1908இல், அதுவும் சிட்னியில், டொமி பேர்ன்ஸை வென்று முதல் கறுப்பினச் சம்பியனான ஜக் ஜோன்சன் 1915இல் ஹவானாவில் பட்டத்தை இழந்தார். அதன் பிறகு 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்புத் தரப்படவில்லை. ஹரி வில்ஸ் போன்றவர்கள் காத்திருந்தே முதுமையடைந்தார்கள். கனமான படிக்கற்களை ஒளித்துவைத்துவிட்டு நிறுத்த காலம் அது. 1937 ஜூன் 22இல் ஜோ லூயிஸ், ஜேம்ஸ் பிரடொக்கை வீழ்த்திச் சம்பியனான இரவிலிருந்துதான் நிறையை நம்பலாம். ஆகவே நம் கணக்கை அங்கே தொடங்குவோம்.

முதலில் தோல்வியின்மை. றொக்கி மார்சியானோ 49 போட்டிகளில் 49 வெற்றிகளோடு 1956இல் ஓய்வுபெற்றார். அவற்றில் 43 நொக்அவுட். எழுதிவைத்துப் பார்த்தால் இதைவிட அழகான எண் கிடையாது. இப்போது மறுதட்டைப் பார்ப்போம். 1951இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு வயது 37. 1952இல் அவரிடம் பட்டத்தை இழந்த ஜெர்சி ஜோ வோல்கொட்டுக்கு 38. அந்தப் போட்டியிலும் பதின்மூன்றாம் சுற்றில் ஒரே குத்தில் முடிக்கும்வரை மார்சியானோ புள்ளிகளில் பின்தங்கியே இருந்தார். எசார்ட் சார்ள்ஸும் ஆர்ச்சி மூரும் மகத்தான வீரர்கள்தான். ஆனால் இருவரும் உடலமைப்பால் ஒரு படி கீழான லைட் ஹெவிவெயிட் பிரிவுக்காரர்கள். அதிலும் மூர் முப்பதுகளின் கடைசியில் இருந்தார். மார்சியானோவின் மனவுறுதியையோ வலக்கைக் குத்தையோ இது குறைத்துவிடாது. தனக்குக் கிடைத்த எதிராளிகளை அவர் வென்றார். அதற்கு மேல் ஒரு வீரனால் என்ன செய்ய முடியும்? ஆனால் 49க்குப் பக்கத்தில் இருக்கும் பூச்சியம் அவர் தோற்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. இளமையும் வலிமையும் உச்சத்தில் இருந்த ஒரு பெரும் அதிபார வீரரை அவர் வென்றார் என்று அந்தப் பூச்சியத்தால் சொல்ல முடியாது.

அடுத்தது அச்சம். 1986 நவம்பரில் 20 வயதும் நான்கு மாதங்களும் ஆன மைக் டைசன், ட்ரெவர் பேர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி வரலாற்றின் மிக இளைய அதிபாரச் சம்பியனானார். 1988இல் மைக்கல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் முடித்தார். அந்தக் காணொளிகளை இன்று பார்க்கும் இளைஞர், இவரை யார் வெல்ல முடியும் என்று கேட்பது இயல்பு. அதற்கு விடை 1990 பெப்ரவரி 11ஆம் திகதி தோக்கியோவில் கிடைத்தது. 42க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிவைத்த பஸ்டர் டக்ளஸ், பத்தாம் சுற்றில் டைசனை வீழ்த்தினார். டைசனுக்கு அப்போது வயது 23தான். முதுமையைச் சாட்டாகச் சொல்ல வழியில்லை. அதே டக்ளஸ் அந்த ஆண்டு ஒக்டோபரில் இவாண்டர் ஹோலிபீல்டிடம் மூன்றாம் சுற்றில் விழுந்தார். பின்னர் ஹோலிபீல்டிடம் டைசன் இரு முறையும், லெனொக்ஸ் லூயிஸிடம் ஒரு முறையும் தோற்றார். டைசன் வென்றவர்களில் மிகப் பெரிய பெயர் லரி ஹோம்ஸ். ஆனால் ஹோம்ஸ் அன்று ஓய்விலிருந்து திரும்பி வந்த 38 வயதுக்காரர். ஸ்பிங்க்ஸோ லைட் ஹெவிவெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். டைசன் எதிராளிகளை மேடை ஏறுமுன்பே பயத்தால் தோற்கடித்தார் என்பது உண்மை. பயப்படாத எதிராளி வந்தபோது அவரிடம் மாற்றுவழி இருக்கவில்லை என்பதும் உண்மை.

நீண்ட ஆட்சிக்கு இதைவிட மரியாதை தரலாம். ஆண்டுக்கணக்கில் உடலையும் ஒழுக்கத்தையும் காப்பது சிறிய செயல் இல்லை. விளாடிமிர் கிளிட்ச்கோ 2006 முதல் 2015 வரை ஒன்பதரை ஆண்டுகள் பட்டம் வைத்திருந்தார். ஆனால் அந்தக் காலத்தில் அவருக்கு ஈடான மற்றொருவர் அவருடைய அண்ணன் விட்டாலி. சகோதரர்கள் மோதுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். அது மனித நியாயப்படி சரிதான். ஆயினும் தராசில் வைத்திருக்க வேண்டிய மிகக் கனமான கல் கடைசிவரை வைக்கப்படவே இல்லை. லெனொக்ஸ் லூயிஸின் கணக்கு இதைவிடத் திடமானது. தன்னை வென்ற ஒலிவர் மக்கோல், ஹசிம் ரஹ்மான் இருவரையும் மீண்டும் சந்தித்து வென்றார். ஹோலிபீல்டையும் டைசனையும் விட்டாலியையும் வென்றார். அவர் தவிர்த்துவிட்டு ஓடிய பெரிய பெயர் என்று எதையும் சொல்ல முடியாது. குறை ஒன்றுதான்: ஹோலிபீல்டும் டைசனும் அவரிடம் வரும்போது 35 வயதைத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள்.

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் எழும். எடை கூடிக்கொண்டே போகிறதே, பழைய வீரர்களை இன்றைய மலைகளோடு எப்படி ஒப்பிடுவது? மார்சியானோ ஏறத்தாழ 185 இறாத்தல். இன்று அவரை அதிபாரப் பிரிவிலேயே சேர்க்கமாட்டார்கள். 1979இல் உருவான குரூசர்வெயிட் பிரிவுக்குத்தான் அனுப்புவார்கள். 6 அடி 9 அங்குல உயரமும் 260 இறாத்தலுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட டைசன் பியூரிக்கு முன்னால் அவர் என்ன ஆவார்? கேள்வி நியாயமானது. ஆனால் இப்படியான கனவுப் போட்டிகளில் நாம் நிறுப்பது நம் கற்பனையை. மேலும், உருவம் தனியே வெல்லும் என்ற அடிப்படை நம்பிக்கையை மேடை பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. 1935இல் 200 இறாத்தலுக்கும் குறைவான ஜோ லூயிஸ், 260 இறாத்தல் கொண்ட பிரீமோ கார்னேராவை ஆறாம் சுற்றில் வீழ்த்தினார். 1942இல் 250 இறாத்தல் கொண்ட பட்டி பேயரை முதல் சுற்றிலேயே முடித்தார். அது பழங்கதை என்பவர்கள் 2024 மே 18ஆம் திகதி ரியாதில் நடந்ததைப் பார்க்கலாம். குரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்த உக்ரைனின் ஒலெக்ஸாண்டர் உசிக், தன்னைவிட ஏறத்தாழ 40 இறாத்தல் கூடிய பியூரியைப் புள்ளிகளில் வென்றார். டிசம்பரில் மீண்டும் வென்றார். உசிக்கின் உயரம் 6 அடி 3 அங்குலம். அலியின் உயரமும் அதுதான். எடையிலும் 1974ஆம் ஆண்டின் அலிக்கும் இன்றைய உசிக்குக்கும் பத்து இறாத்தல் அளவே வித்தியாசம். அந்த உடலோடு இந்தக் காலத்திலும் உச்சிக்கு வரலாம் என்பது இனி ஊகம் இல்லை.

இனி அலியின் மறுதட்டில் இருப்பவர்களைப் பார்ப்போம். 1964 பெப்ரவரியில், கஷியஸ் கிளே என்ற பெயரோடு, 22 வயதில் சந்தித்தது சொனி லிஸ்டனை. லிஸ்டன் அதற்கு முன் புளொய்ட் பட்டர்சனை இரு முறையும் முதல் சுற்றிலேயே வீழ்த்தியவர். ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது அவர் முக்காலியிலிருந்து எழவில்லை. 1965இல் முதல் சுற்றிலேயே முடிந்த மறுபோட்டி இன்றுவரை சந்தேகத்துக்குரியது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவோம். 1971 மார்ச்சில் நியூயோர்க்கில் 27 வயதான, தோல்வியே காணாத ஜோ பிரேசியரிடம் அலி 15 சுற்றுகளின் முடிவில் தோற்றார். இதை மறைக்கக் கூடாது. உச்சத்தில் இருந்த பிரேசியர் அலியை வென்றார். பிறகு 1974இலும் 1975இலும் அலி அவரைத் தோற்கடித்தார். மணிலாவில் பதினான்கு சுற்றுகளுக்குப் பின் பிரேசியரின் பயிற்றுநர் போட்டியை நிறுத்தினார். இவற்றுக்கெல்லாம் மேலானது 1974 ஒக்டோபர் 30ஆம் திகதி கின்ஷாசாவில் நடந்தது. எதிரே 25 வயது ஜோர்ஜ் ஃபோர்மன். 40 போட்டிகள், 40 வெற்றிகள். பிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு முறை தரையில் வீழ்த்தியவர். கென் நோர்ட்டனையும் இரண்டாம் சுற்றில் முடித்தவர். அலிக்கு அப்போது 32 வயது. இளமையின் கால்வேகம் போய்விட்டது. அவர் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனைக் குத்தவிட்டார், கைகளால் மறைத்தார், இடையிடையே முகத்தில் நேர்க்குத்துகளை இறக்கினார். எட்டாம் சுற்றில், களைத்துப்போன ஃபோர்மன் விழுந்தார். இந்தப் படிக்கல் போலியல்ல என்பதற்கு ஃபோர்மனே இருபது ஆண்டுகள் கழித்துச் சான்று தந்தார். 1994 நவம்பரில், 45 வயதில், தோல்வி காணாத மைக்கல் மூரரை வீழ்த்தி மீண்டும் சம்பியனானார்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரேசியரையும் நோர்ட்டனையும் ஃபோர்மன் தலா இரண்டு சுற்றுகளில் நொறுக்கினார். அதே பிரேசியரும் நோர்ட்டனும் அலியை ஆளுக்கொரு முறை வென்றார்கள். 1973இல் நோர்ட்டன் அலியின் தாடையையே உடைத்தார். அப்படியானால் ஃபோர்மன் அலியை எளிதாக வென்றிருக்க வேண்டுமே? நடந்தது நேர்மாறு. 'ஒருவர் இவரை வென்றார், இவர் அவரை வென்றார், ஆகவே முதலாமவர் அவரையும் வெல்வார்' என்ற கணக்கு, குத்துச்சண்டையில் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கனவுப் போட்டிகளை நான் ஏற்காததன் காரணமும் இதுவே. நிஜமாக நடந்த போட்டிகளையே கூட்டிக் கழித்து முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்றால், நடக்காத போட்டிகளைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

அலிக்கு எதிரான வாதங்களில் வலுவானவை இரண்டு. முதலாவது, 1976இல் நோர்ட்டனுடனான மூன்றாவது போட்டியிலும் அதே ஆண்டில் ஜிம்மி யங்குடனான போட்டியிலும் நடுவர்கள் அலிக்குச் சலுகை காட்டினார்கள் என்பது. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. இரண்டையும் தோல்விகள் என்றே வைத்துக்கொண்டாலும் லிஸ்டன், பிரேசியர், ஃபோர்மன் என்ற மூன்று கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, அலியை முதலிடத்தில் வைப்பது குத்துச்சண்டையல்ல, புகழ் என்பது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததும், 1967இல் பட்டம் பறிக்கப்பட்டதும், 1971இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் அவரை மேடைக்கு வெளியே பெரிய மனிதராக்கின. அந்தப் பெருமைக்கு இந்தத் தராசில் நான் ஒரு இறாத்தலும் தரவில்லை. 25 வயதிலிருந்து 28 வயது வரை இழந்த மூன்றரை ஆண்டுகளையும் அவருக்குச் சாதகமாகச் சேர்க்கவில்லை. நடக்காததை நிறுக்க முடியாது. போர்ச் சேவையில் 1942 முதல் 1946 வரை பட்டத்துக்காக மோத முடியாமற்போன ஜோ லூயிஸுக்கும், சிறையில் இருந்த டைசனுக்கும் இதே விதிதான்.

ஜோ லூயிஸை இரண்டாமிடத்தில் வைப்பது பலருக்குச் சினமூட்டும். 25 முறை பட்டத்தைக் காத்தவர் அவர். பட்டத்தை விட்டு ஓய்வுபெற்றது 1949இல்தான். 1936இல் தன்னைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்திய ஜேர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங்கை, 1938இல் 124 விநாடிகளில் முடித்தார். கேட்டவர் எவருக்கும் வாய்ப்புத் தந்தார். அவர் காலத்தில் நல்ல எதிராளிகள் இல்லை என்பது முழுக்கச் சரியல்ல. ஆனால் அவருக்கு நெருக்கடி கொடுத்த பில்லி கொன் லைட் ஹெவிவெயிட்காரர், ஷ்மெலிங் முப்பதைத் தாண்டியவர். 25 வயதில், தோல்வியே காணாமல், உச்சத்தில் நின்ற ஒரு ஃபோர்மன் அவருடைய தட்டில் இல்லை. அப்படிப் பார்த்தால் நல்ல காலத்தில் பிறந்தவருக்குத்தானே இந்தத் தராசு சாதகம் என்று கேட்பீர்கள். ஆம், சாதகம்தான். அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் பிறந்த நான்கைந்து பெரும் வீரர்களில் மற்ற எல்லோரையும் வென்றவர் ஒருவர்தான். அதிர்ஷ்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

இன்று அலியின் இடத்தை அசைக்கக்கூடியவர் என்றால் அது உசிக். குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் சேர்த்தார். அன்டனி ஜோஷுவாவை இரு முறையும், அதுவரை தோற்காத பியூரியை இரு முறையும் வென்றார். 2025 ஜூலையில் வெம்பிளியில் 27 வயதான டானியல் டுபுவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த வெற்றி வரையில் 24 போட்டிகள், தோல்வி இல்லை. எதிர்த்தட்டில் இருந்தவர்கள் அவரவர் நாளில் நல்ல நிலையில்தான் இருந்தார்கள். குறை எண்ணிக்கையில்: அதிபாரப் பிரிவில் அவர் ஆடியவை மிகச் சில. ஆனால் நிறையில் கனமானவை சில இருந்தால் போதும் என்பதுதானே நம் வாதம்? ஆகவே அவரை லூயிஸுக்கு அருகில் வைக்க எனக்குத் தயக்கமில்லை.

படிக்கல் மட்டும் சரியாக இருந்தால் போதாது. தராசும் நேராக இருக்க வேண்டும். இது நமக்கு நன்றாகத் தெரிந்த பாடம். ஹென்ரிகஸுக்கு 72 ஆண்டுகளுக்குப் பின், 2010இல் டில்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாராச்சி பன்டம்வெயிட் பிரிவில் தங்கம் வென்றார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் நன்ட்ரோலோன் தெரியவந்ததால் அந்தப் பதக்கம் பின்னர் வேல்ஸ் வீரர் ஷோன் மக்கோல்ட்றிக்குக்குப் போனது. ஒரு வெற்றி எவ்வளவு நிறை என்று சொல்லுமுன் எதிரே இருந்தது யார், நிறுத்தது எப்படி என்று கேட்காவிட்டால் நாம் ஏமாறுவோம். அலியை உச்சியிலிருந்து இறக்க விரும்புவோரிடமும் இதைத்தான் கேட்கலாம். லிஸ்டனையும் பிரேசியரையும் கின்ஷாசா இரவின் ஃபோர்மனையும்விடக் கனமான மூவரின் பெயரைச் சொல்லுங்கள். அந்த மூவரையும் ஒருவரே வென்றார் என்று காட்டுங்கள். அந்தப் பட்டியல் வரும் நாளில் தட்டு தானாகச் சாயும். இதுவரை அப்படியொன்று வந்ததில்லை.